ஊட்டிக்குக் காரில் போவதா, ரயிலில் போவதா? பெட்டி கட்டும் முன் முடிவு செய்ய வேண்டியவை

குன்னூரைத் தாண்டி வண்டியை ஓரம் கட்டியபோது மாலை ஆறரை மணி. சின்னவன் அதற்குள் மூன்று முறை வாந்தி எடுத்திருந்தான். என் மாமியார் பின் சீட்டில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். ஐந்து பேரின் ஸ்வெட்டர்களும் பெரிய சிவப்புப் பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டி டிக்கியில் எல்லாவற்றுக்கும் அடியில். தூறலில் நனைந்தபடி நானும் கணவரும் ஒவ்வொரு பையாக எடுத்து ரோட்டோரத்தில் வைத்தோம். பெட்டியைத் திறந்தால் ஸ்வெட்டர்கள் அதற்குள்ளும் அடியில்தான். மேலே இருந்தவை மூன்றாம் நாள் போட்டுக்கொள்ள எடுத்து வைத்த புதுத் துணிகள்.

சென்னை குரோம்பேட்டையிலிருந்து நாங்கள் ஊட்டிக்கு இதுவரை நான்கு முறை போய் வந்திருக்கிறோம். ஒரு தடவை பஸ், ஒரு தடவை சொந்தக் கார், இரண்டு தடவை ரயில். போவது ஐந்து பேர்: நாங்கள் இருவர், பதினொரு வயது மகள், ஆறு வயது மகன், எழுபத்திரண்டு வயது மாமியார். அத்தைக்குச் சர்க்கரையும் உண்டு, முழங்கால் வலியும் உண்டு. மகனுக்கு வளைவான ரோடு ஒத்துக்கொள்ளாது. நாலு பயணங்களிலும் நாங்கள் கற்றுக்கொண்டது, எதில் போகப்போகிறோம் என்று முடிவான பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பது. காருக்கு அடுக்கும் முறை ரயிலுக்கு உதவாது. எதில் போவது என்பதையும் வீட்டில் யாருக்குப் பயணம் அதிகக் கஷ்டமோ அவரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் பஸ்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளாம்பாக்கத்தில் மாலையில் ஏறினால் காலையில் நேராக ஊட்டியிலேயே இறங்கலாம். வண்டி மாறும் வேலை இல்லை, மலைக்கு வரும் வெளியூர் வண்டிகள் எடுக்க வேண்டிய இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டுக் கவலையும் இல்லை. ஆனால் இரவு முழுக்கக் கால் மடக்கி உட்கார்ந்துவிட்டு, விடியும் நேரத்தில், வெறும் வயிற்றோடு மலை வளைவுகளில் ஏற வேண்டும். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அது பெரிதாகத் தெரியவில்லை. முழங்கால் வலிக்காரரையும் சின்னக் குழந்தையையும் வைத்துக்கொண்டு நான் அதைச் செய்ய மாட்டேன். நள்ளிரவில் அத்தைக்கு பாத்ரூம் போக வேண்டும் என்றால் டிரைவர் நிறுத்தும் இடத்தில்தான் போக வேண்டும். எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

சரி, காருக்கு வருவோம். காரின் பெரிய லாபம் சுதந்திரம். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், அங்கே போன பிறகு டாக்ஸி தேட வேண்டாம், பாட்டியின் தலையணை வரை எடுத்துப் போகலாம். செலவு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அப்படிப் பெரிதாகக் குறைவதில்லை. சென்னையிலிருந்து ஊட்டி ஏறக்குறைய 550 கிலோமீட்டர். போக வர, அங்கே சுற்ற என்று 1,200 கிலோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால் 80 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று போட்டாலே எட்டாயிரம் ஆகிவிடுகிறது. வழி நெடுக டோல் கேட் வேறு. மூன்றடுக்கு ஏசி ரயிலில் ஆளுக்கு ஒரு வழிக்கு ஆயிரம் ரூபாய் வாக்கில் கணக்கு வைத்தால், ஐந்து பேருக்குப் போக வரப் பத்தாயிரம். மலையில் டாக்ஸிக்குத் தனியாகக் கொடுத்தாலும், மொத்தத்தில் வித்தியாசம் சில ஆயிரங்களுக்கு மேல் போகாது. அதனால் இதை பணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

காரில் உண்மையான செலவு டிரைவரின் உடம்புதான். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினாலும் மேட்டுப்பாளையம் வந்து சேர மதியம் தாண்டிவிடும். பத்து மணி நேரம் ஓட்டிக் களைத்த கையோடு, மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். எங்களுக்கு நடந்ததும் இதுதான். கணவர் சமவெளியில் நன்றாக ஓட்டுவார். அன்று பர்லியாறு தாண்டியதும் தோள் இறுகி, பேச்சு நின்று, முகம் வாடிப் போனதை நான் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தேன். மலையில் மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும், இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் முதல் அல்லது இரண்டாம் கியரிலேயே வர வேண்டும். இந்த இரண்டும் பழக்கமில்லாதவர் குடும்பத்தோடு முதல் தடவையாக மே மாத நெரிசலில் அங்கே பழக வேண்டாம்.

அப்புறம் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடையிலிருந்து எண்ணிக்கைக்கும் வரம்பு வந்துவிட்டது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 8,000 வண்டிகள் என்று உத்தரவு. அதனால் காரில் போவதானால் ரூம் போடும் அன்றே பாஸுக்கும் பதிந்துவிடுங்கள், முடிந்தால் திங்கள் செவ்வாயில் ஏறுங்கள். சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாக மாற்றிவிடுவார்கள். திரும்பும் வழியில் குன்னூரில் ஏதாவது பார்க்கலாம் என்று நினைத்திருந்தால், அதை ஏறும்போதே பார்த்துவிட வேண்டியதுதான். இந்த விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. கிளம்பும் வாரத்தில் ஒரு முறை சரிபாருங்கள். அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ வருகிறவர்களுக்கு இந்த வேலையே இல்லை.

காரில்தான் போக வேண்டும் என்றால், அதை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். முதல் நாள் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ தங்கிவிட்டு, மறுநாள் காலை இட்லி சாப்பிட்டு அரை மணி கழித்து மலை ஏறுங்கள். ஓய்வெடுத்த டிரைவர், பகல் வெளிச்சம், காலியுமில்லாமல் நிறைந்துமில்லாமல் இருக்கும் வயிறு என்று மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். ரூம் வாடகை ஒன்று கூடும். எங்கள் அந்த ஆறரை மணி அனுபவத்துக்குப் பிறகு, அந்த வாடகையை நான் தயங்காமல் கொடுப்பேன்.

ரயிலுக்கு வருகிறேன். நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்னை சென்ட்ரலில் இரவு ஒன்பது மணி வாக்கில் கிளம்பி, காலை ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையத்தில் விடுகிறது. அத்தை கால் நீட்டிப் படுத்துத் தூங்குகிறார், எழுந்து நடக்கிறார், பாத்ரூம் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் எல்லோரும் தூங்கி எழுந்த முகத்தோடு இறங்குகிறோம். மலை ஏறுவது இரண்டு மணி நேரம்தான், அதையும் தினமும் அந்த ரோட்டில் ஓட்டும் ஒருவர் ஓட்டுகிறார். மகனுக்கு வாந்தி வராமல் நாங்கள் போனது ரயிலில் போன இரண்டு முறைதான். மலைப்பாதை டிரைவர்கள் வளைவில் வண்டியை வெட்டித் திருப்புவதில்லை, ஒரே சீராக எடுக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு ரயில்தான் சரி என்று நான் முடிவெடுத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். டாக்ஸியை முன்கூட்டியே பேசிவிடுங்கள். வெளி மாவட்டப் பதிவு வண்டி என்றால் இ-பாஸ் எடுத்திருக்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயிலின் குறை சாமான்தான். எத்தனை பைகளோ அத்தனையையும் நாமே தூக்கிப் படியேற வேண்டும். மூன்றடுக்கு ஏசியில் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டுபோகலாம் என்பது ரயில்வே விதி. ஆனால் 40 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஒரு கையில் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு யாரால் நடக்க முடியும்? ஆகவே நான் வைத்துக்கொண்ட வரம்பு, இரண்டு கையில் தூக்கி ஒரு மாடி ஏற முடிகிற எடை. வீட்டிலேயே மாடிப்படியில் ஏறிப் பார்ப்பேன். மூச்சு வாங்கினால் இரண்டு புடவைகள் வெளியே வந்துவிடும்.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலைப் பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். காலை 7.10க்குக் கிளம்பும் வண்டி அது. கல்லாரிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறும். குன்னூர் வரை 1899இலும் ஊட்டி வரை 1908இலும் போட்ட பாதை, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வாழ்க்கையில் ஒரு முறை அவசியம் போக வேண்டிய பயணம், ஹில்குரோவில் குரங்குகள் ஜன்னலைத் தேடி வருவதை என் மகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது, நிற்கும் நிலையங்களில்தான். பெரிய டிராலி பெட்டி வைக்க இடமும் இல்லை. இரவு ரயிலில் வந்த களைப்போடு சின்னக் குழந்தைக்கும் வயதானவருக்கும் அது நீளம்தான். நாங்கள் கண்டுபிடித்த வழி: மலைக்கு டாக்ஸியில் போய்விட்டு, இரண்டாம் நாள் கைவீசிக்கொண்டு குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் மலை ரயிலில் ஏறுவது. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அத்தை அதை ரசித்தார். ஐந்து மணி நேரம் என்றால் ரசித்திருக்க மாட்டார்.

தங்கும் இடத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், குன்னூர் 1,850 வாக்கில். இந்த 400 மீட்டர் வித்தியாசம் ராத்திரி பாட்டியின் முழங்காலில் தெரியும். மலர்க் கண்காட்சி நாட்களில் தாவரவியல் பூங்காவுக்கு நடந்தே போய்விட வேண்டும் என்றால் ஊட்டிக்குள் தங்குங்கள். மற்றபடி நான் குன்னூரைத்தான் சொல்வேன். சிம்ஸ் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது, குளிர் தாங்கும்படி இருக்கும், ஊட்டி நெரிசலில் சிக்கி நிற்கும் நேரமும் மிச்சம். கோத்தகிரி இன்னும் அமைதி, ஆனால் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். எங்கே ரூம் போட்டாலும் போனில் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி? மலைச் சரிவில் கட்டிய விடுதிகளில் வாசல் மேலே இருக்கும், அறை இரண்டு தளம் கீழே இருக்கும், லிஃப்ட் இருக்காது. படங்களில் இது தெரியாது. ஒரு முறை முப்பத்தெட்டுப் படிகளை அத்தை நாள்தோறும் நான்கு முறை ஏறி இறங்க வேண்டியதாயிற்று. அந்தப் படிகளை எண்ணியது என் மகள். வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கூடுதல் கம்பளி தருவார்களா என்பதையும் அதே போனில் கேட்டுவிடலாம்.

இப்போது பெட்டி. ஒரு பெரிய பெட்டியில் எல்லோருடையதும் என்பது ஒரு வகை, ஆளுக்கொரு பை என்பது இன்னொரு வகை. பெரும்பாலான வீடுகளில் முதலாவதுதான், நாங்களும் அப்படித்தான் இருந்தோம். கட்டுவது சுலபம், எண்ணிக்கை குறைவு, தொலையாது. ஆனால் ஒரு சாக்ஸுக்காக முழுப் பெட்டியையும் கலைக்க வேண்டும். முதல் நாள் இரவே அறை முழுக்கத் துணி பரவிவிடும். ஆளுக்கொரு பை நல்ல யோசனைதான், பதினொரு வயது மகள் தன்னுடையதைத் தானே பார்த்துக்கொள்கிறாள். ஆனால் ஆறு வயதுக்காரனுடைய பையும் பாட்டியுடைய பையும் கடைசியில் என் தோளுக்குத்தான் வருகின்றன.

இப்போது நான் செய்வது மூன்றாவது வகை, பிரிப்பது நேரத்தை வைத்து. ‘முதல் ராத்திரிப் பை’ என்று ஒன்று. ஐந்து பேருக்கும் ஒரு ஸ்வெட்டர், ஒரு இரவு உடை, ஒரு உள்ளாடை, ஒரு ஜோடி சாக்ஸ், பல் துலக்குபவை, ஒரு துண்டு, மருந்து டப்பா, செல் சார்ஜர். இது காரில் காலடியில், ரயிலில் தலைமாட்டில். எந்த நேரமும் கைக்கு எட்ட வேண்டும். மீதி நாட்களின் துணி மற்ற இரண்டு பைகளில், அவற்றை ரூமுக்குப் போய்த் திறந்தால் போதும். காலியான ஒரு துணிப்பையை மடித்து உள்ளே வைத்துவிடுவேன், திரும்பும்போது அழுக்குத் துணிக்கும், ஊட்டி வர்க்கிக்கும் அதுதான். காரில் போகிறவர்கள் துணிப் பைகளாக எடுங்கள், டிக்கியின் மூலை முடுக்கில் எல்லாம் அமுங்கும். ரயிலுக்கு ஒரு நடுத்தர டிராலி, இரண்டு முதுகுப் பைகள் சரியாக இருக்கும். கீழ் பெர்த்துக்கு அடியில் தள்ள முடியாத உயரத்தில் டிராலி வாங்காதீர்கள்.

ஸ்வெட்டர் கொண்டு போவதா, அங்கே வாங்கிக்கொள்வதா என்று வருடா வருடம் கேள்வி வரும். சென்னையில் ஒரு நாளும் தேவைப்படாத பொருள், பீரோவில் இடத்தை அடைக்கும். தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர் மார்க்கெட்டில் நன்றாகவே கிடைக்கிறது, நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் குளிர் கடைக்குப் போகும் வரை காத்திருப்பதில்லை, வண்டி குன்னூர் ஏறும்போதே வந்துவிடுகிறது. ஆளுக்கு ஒன்று பழையதாவது கையில் இருக்கட்டும், அழகுக்கு ஒன்று அங்கே வாங்கிக்கொள்ளலாம். ஒரே தடிமனான ஸ்வெட்டரைவிட உள்ளே பனியன், மேலே முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் மெல்லிய ஸ்வெட்டர் என்று அடுக்காகப் போடுவது நல்லது. மே மாதப் பகலில் வெயில் அடிக்கும், பிள்ளைகள் ஓடினால் வியர்க்கும், அப்போது ஒன்றைக் கழற்றலாம். பிற்பகலில் கோடை மழையும் சகஜம். பிள்ளைகளுக்கு ரெயின்கோட், பாட்டிக்குக் குடை. பிள்ளைகள் கையில் குடை கொடுத்தால் இரண்டாம் நாளே கம்பி உடைந்துவிடும். ஷூ ஒரு ஜோடி நனைந்தால் அந்தக் குளிரில் காயாது, மாற்றுச் செருப்பு அவசியம்.

மருந்தை மட்டும் இரண்டாகப் பிரித்து இரண்டு பைகளில் வையுங்கள். அத்தையின் சர்க்கரை மாத்திரை அட்டையில் பாதி என் கைப்பையில், பாதி முதல் ராத்திரிப் பையில். டாக்டர் சீட்டை போட்டோ எடுத்து இரண்டு போன்களில் வைத்திருக்கிறோம். இன்சுலின் போடுகிறவர்கள் அதை வெயிலில் சூடேறும் காரின் டிக்கியில் வைக்கக் கூடாது. வாந்திக்கு மாத்திரை கொடுப்பதானால், பிள்ளையின் வயதைச் சொல்லி டாக்டரிடம் கேட்டு, மலை ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு கொடுத்துப் பயனில்லை. போனைப் பார்க்க விடாமல் முன் பக்கம் உட்கார்ந்து தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இஞ்சி மரப்பாவும் கைகொடுக்கிறது.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவதா, வாங்குவதா என்றால், ரயிலுக்கு நான் வீட்டிலிருந்துதான் எடுக்கிறேன். இட்லியை ஆறவிட்டு, நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் இரண்டு பக்கமும் தடவி வாழை இலையில் கட்டினால் மறுநாள் காலை வரை நிற்கும். தேங்காய்ச் சட்னி ராத்திரிக்குள் கெட்டுவிடும், எடுக்காதீர்கள். தயிர் சாதத்துக்குச் சாதத்தைக் குழைத்து, ஆறிய பாலை நிறைய விட்டு, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்த்தால் சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக உறைந்திருக்கும், புளிக்காது. புளியோதரை ஒரு முழு நாள் தாங்கும். காரில் போனால் வழியெல்லாம் ஹோட்டல்கள் இருக்கின்றன, அந்த வேலை வேண்டாம். ஆனால் மலையேறும் முன் எண்ணெய்ப் பலகாரம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

எதில் கட்டுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் பிளாஸ்டிக் பைகளுக்கும் தடை உண்டு, சோதனைச் சாவடிகளில் வண்டியை நிறுத்திப் பார்த்து எடுத்துவிடுவார்கள். காட்டு மாடும் யானையும் நடமாடும் மலை, அங்கே விழும் பிளாஸ்டிக் அவற்றின் வயிற்றுக்குப் போகிறது. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில், சாப்பாட்டுக்குத் தூக்கு, துணிப்பை என்று கிளம்பினால் எந்தச் சாவடியிலும் நிற்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் பாட்டிலில் பெயர் எழுதிவிடுங்கள்.

வீட்டில் பால், பேப்பர் நிறுத்தச் சொல்வது, கேஸ் மூடுவது, மோட்டார் சுவிட்சை அணைப்பது எல்லாம் எல்லோரும் செய்வதுதான். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கும்போது மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றும் காட்டிவிட்டு வாருங்கள்.

ரயில் என்று முடிவு செய்தவர்கள் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. மே 10 கிளம்புவதானால் மார்ச் 11 காலை எட்டு மணி. திரும்பும் டிக்கெட்டுக்கு அதன் தேதியிலிருந்து தனியாக எண்ண வேண்டும், பலர் இதை மறந்து வருவதற்கு டிக்கெட் இல்லாமல் தவிக்கிறார்கள். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை முன்பே இணைத்துச் சரிபார்த்துவிடுங்கள், முன்பதிவு திறக்கும் நாளில் ஆன்லைனில் பதிய அப்படிச் சரிபார்த்த கணக்குதான் வேண்டும். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனி பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். இரவுப் பயணத்துக்கு அதைக் கொடுத்துவிடுவதே மேல்.

இன்னொன்று. ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போடாதீர்கள். கீழ் பெர்த்துக்கென்று மூத்த குடிமக்கள் ஒதுக்கீடு ஒன்று இருக்கிறது. 60 வயதான ஆண்களும் 45 வயதான பெண்களும் தனியாகவோ இருவராகவோ பதிந்தால்தான் அதில் கேட்க முடியும். அத்தைக்கு மட்டும் தனி டிக்கெட் அந்த ஒதுக்கீட்டில் போட்டோம், மற்ற நாலு பேருக்கும் இன்னொன்று. போன தடவை அத்தைக்கு அதே கோச்சில், எங்களிலிருந்து இரண்டு தடுப்பு தள்ளி, கீழ் பெர்த் கிடைத்தது. காட்பாடி வருவதற்குள் தூங்கிவிட்டார், மேட்டுப்பாளையம் வரும்போது நான் போய்த்தான் எழுப்பினேன்.